தோலுக்கு அடியில் ஒரு சிறு குளம்

ஒரே அறுவைச் சிகிச்சை. அதற்குப் பின் வரும் ஒரே சிக்கல். அது எத்தனை பேருக்கு வருகிறது என்று மருத்துவ ஆய்வேடுகளைப் புரட்டினால், ஓர் ஆய்வு நூற்றில் 3 பேருக்கு என்கிறது. இன்னோர் ஆய்வு நூற்றில் 85 பேருக்கு என்கிறது. கணிதச் சோதனையில் ஒரே கேள்விக்கு இப்படி இரண்டு விடை எழுதினால் ஆசிரியர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். ஆனால் மார்பகப் புற்றுநோய்க்கான அறுவைக்குப் பிறகு தோலுக்கு அடியில் நீர் தேங்கும் ‘சீரோமா’ என்ற சிக்கலை மருத்துவ உலகம் நெடுங்காலமாக இப்படித்தான் எண்ணி வந்திருக்கிறது.

புற்றுநோய்க்குப் புதிய மருந்து வந்தால் செய்தித்தாளில் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மரபணுச் சோதனை, இயந்திரக் கை, செயற்கை நுண்ணறிவு என்றாலும் அப்படித்தான். தையலுக்கு அடியில் நீர் கட்டுவதைப் பற்றி யாரும் தலைப்புச் செய்தி எழுதுவதில்லை. இந்தப் பாரபட்சம் தவறு என்பது என் கருத்து. இந்த நீரைக் குறைப்பதில் இதுவரை கிடைத்த நல்ல வெற்றிகள் இரண்டு. ஒன்று ஊசியும் நூலும் தந்தது. மற்றொன்று வெட்டாமல் விடும் துணிவு தந்தது. இரண்டுமே மருந்துக் கம்பெனிக்கு இலாபம் தராதவை. அதனால்தானோ என்னவோ இவற்றைப் பற்றிப் பேச ஆளில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய்தான். உங்கள் வகுப்பில் யாரோ ஒருவரின் அம்மாவோ பாட்டியோ சித்தியோ இதைக் கடந்து வந்திருப்பார். பெயரைச் சொன்னாலே சிலர் நெளிவார்கள், பின்வரிசையில் யாராவது சிரிப்பார்கள். சிரித்து முடித்துவிட்டுத் தொடர்ந்து படியுங்கள்.

நீர் எங்கிருந்து வருகிறது?

மார்பகத்தை முழுதாக அகற்றும்போது, தோலை மேலே தூக்கி, அதன் அடியில் உள்ள திசுவை மார்புத் தசையிலிருந்து பிரித்து எடுக்கிறார்கள். பிறகு தோலை இழுத்து மூடித் தைக்கிறார்கள். வெளியே தையல் ஒரு கோடாகத் தெரியும். உள்ளேயோ, தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓர் உள்ளங்கையைவிடப் பெரிய வெற்றிடம் மிஞ்சுகிறது. வெற்றிடத்தை உடல் சும்மா விட்டுவைப்பதில்லை. அறுபட்ட நுண்குழாய்களிலிருந்தும் நிணநீர்க் குழாய்களிலிருந்தும் கசியும் நீர் அங்கே சேர்கிறது. வைக்கோல் நிறத்தில், தெளிவாக, கொப்புளத்து நீர்போல இருக்கும்.

நான்காம் படிவ உயிரியல் பாடத்தில் நிணநீர் மண்டலத்தைப் படிப்பீர்கள். இரத்த நுண்குழாய்களிலிருந்து ஒவ்வொரு நாளும் லிட்டர் கணக்கில் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. அதில் மிஞ்சுவதைத் திரட்டி மீண்டும் இரத்த ஓட்டத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. மார்பகத்திலிருந்தும் கையிலிருந்தும் வரும் குழாய்கள் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களின் வழியாகத்தான் பெரும்பாலும் போகின்றன. புற்றுநோய் அணுக்களும் அதே வழியில்தான் பயணம் செய்யும். அதனால் அந்தக் கணுக்களையும் சேர்த்து எடுத்துவிடுவது நெடுங்கால வழக்கம். எடுத்துவிட்டால் என்ன ஆகும்? அடைமழை நாளில் வீட்டு முன்னுள்ள சாக்கடையைக் கல் போட்டு அடைத்துப் பாருங்கள். அதுதான்.

ஓர் ஐயம் வரலாம். விரலில் வெட்டுப்பட்டால் இரத்தம் சில நிமிடங்களில் உறைந்து ஓட்டையை அடைத்துவிடுகிறதே, இது ஏன் நாள்கணக்கில் கசிகிறது? இரத்தத்தை உறையவைப்பது ஃபைப்ரினோஜன் என்ற புரதம். அறுவைக்குப் பின் முதல் நாளில் வடியும் நீரில் இரத்தம் கலந்திருக்கும். அதன்பின் வடியும் நீரில் இந்தப் புரதம் இல்லாமல் போகிறது. ஓட்டையை அடைக்கும் பசையே அதில் கிடையாது. போதாக்குறைக்கு, கையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் தோல் தசைமீது வழுக்கி நகர்கிறது. அப்போதுதான் ஒட்டத் தொடங்கியிருந்த மெல்லிய இணைப்புகள் பிய்ந்துபோகின்றன.

சிறிய அளவில் தேங்கினால் கவலையில்லை. உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். அதில் ஊசி குத்துவதுதான் தேவையில்லாத வேலை. பெரிதாகத் தேங்கினால் தோல் இறுகும், கனக்கும். மருத்துவர் ஊசியால் நீரை எடுப்பார். அந்த இடத்தில் உணர்வு நரம்புகள் அறுபட்டிருப்பதால் பலருக்கு ஊசி அவ்வளவாக வலிப்பதில்லை. ஆனால் மூன்று நான்கு நாளில் மீண்டும் நிரம்பலாம். மீண்டும் ஊசி. ஒவ்வொரு குத்தும் கிருமிக்கு ஒரு வாசல். கிருமி புகுந்தால் தையல் பிரியலாம், தோல் கருகலாம். காயம் ஆறாமல் கீமோவையோ கதிரியக்கச் சிகிச்சையையோ தொடங்கமுடியாது. ‘சிறிய சிக்கல்’ என்று நாம் ஒதுக்கிவைத்தது அங்கேதான் பெரிதாகிறது. உயிரைக் காக்கும் அடுத்த கட்டச் சிகிச்சை, ஒரு கிண்ணம் நீருக்காகக் காத்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு, அது எந்த ஆய்வேட்டின் அட்டவணையிலும் வராது. கட்டி என்று சொல்லி அறுத்த இடத்திலேயே மறுபடி வீக்கம் வந்தால், அந்தப் பெண் என்ன நினைப்பார்? ‘மறுபடி வந்துவிட்டது’ என்றுதான். ‘கத்தி பட்டால் புற்றுநோய் பரவும்’ என்ற தவறான நம்பிக்கை நம்மவரிடையே இன்னும் இருக்கிறது. அந்த வீக்கம் நீர்தான் என்பது தெரியாமல் எத்தனை பேர் வாய்மூடி அழுதிருப்பார்கள்!

மெத்தைக்காரரின் தையல்

பழைய தீர்வு வடிகுழாய். தையலுக்கு அடியில் ஒரு மெல்லிய குழாயை வைத்து, அதன் மறுமுனையில் அழுத்திப் பிழிந்த ஒரு சிறு குடுவையையோ காற்று நீக்கிய புட்டியையோ மாட்டுவார்கள். பிழிந்த குடுவை மீண்டும் விரிய முயலும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது; நீர் குழாய் வழியே இழுக்கப்படுகிறது. தோலும் தசையோடு உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கிடக்கிறது. உறிஞ்சுகுழலில் சிராப் பண்டோங் குடிக்கும்போது நடக்கும் அதே இயற்பியல்தான். நல்ல கருவி, சந்தேகமில்லை. ஆனால் குழாயும் கிருமிக்கு ஒரு பாதை. புட்டியைத் தூக்கிக்கொண்டு குளிக்கவேண்டும், தூங்கவேண்டும், தொளதொளத்த சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்குப் போகவேண்டும். குழாயை எடுத்த பிறகு நீர் தேங்காது என்ற உறுதியும் இல்லை.

வெற்றிடம்தான் சிக்கல் என்றால், நீரை ஏன் துரத்தவேண்டும்? வெற்றிடத்தையே ஒழித்துவிட்டால் என்ன? கெக்காபு என்று நாம் சொல்லும் இலவம் பஞ்சு மெத்தையைப் பார்த்திருக்கிறீர்களா? மெத்தைக்காரர் ஓரத்தை மட்டும் தைத்துவிட்டுப் போனால் பஞ்சு ஒரு மூலைக்குத் திரண்டுவிடும். அதனால் நடுநடுவே மேல் துணியையும் கீழ்த் துணியையும் சேர்த்துப் பிடித்து ஒரு தையல் போடுவார். அறுவை மருத்துவர்களும் அதையே செய்யத் தொடங்கினார்கள். தோலை மூடுவதற்கு முன், அதன் உட்புறத்தைத் தசையோடு வரிசை வரிசையாகச் சேர்த்து, நாளடைவில் தானே கரையும் நூலால் தைத்துவிடுகிறார்கள். பெரிய ஒற்றைக் குளம் இருக்கவேண்டிய இடத்தில் மிகச் சிறிய அறைகள்தான் மிஞ்சும். கை அசைந்தாலும் தோல் வழுக்காது.

நெதர்லாந்தில் 300-க்கும் மேற்பட்ட பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்து இதைச் சோதித்தார்கள். முதல் குழுவுக்கு வழக்கமான தையல். இரண்டாவது குழுவுக்கு இந்த மெத்தைத் தையல். மூன்றாவது குழுவுக்குத் திசுக்களை ஒட்டும் சிறப்புப் பசை. நீர் தேங்கிச் சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மெத்தைத் தையல் குழுவில் தெளிவாகவே குறைவு. பசை அந்த அளவுக்குக் கைகொடுக்கவில்லை. அதற்கு முன்பே, இரத்தப் புரதத்திலிருந்து செய்யும் ஃபைப்ரின் பசையைப் பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே ஏமாற்றம்தான். விலை உயர்ந்த பசை தோற்றது, மலிவான நூல் வென்றது! எனக்கு இதில் ஒரு சின்ன மகிழ்ச்சி உண்டு என்பதை மறைக்கப் போவதில்லை.

பிறகு ஏன் எல்லா இடத்திலும் இப்படித் தைப்பதில்லை? அறுவைக்கூடத்தில் கூடுதல் நிமிடங்கள் ஆகும். வெளியே காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கும் ஓர் அரசாங்க மருத்துவமனையில் நிமிடங்களும் காசுதான். தோலில் ஆங்காங்கே குழி விழுந்ததுபோல் சில காலம் தெரியலாம். நாளடைவில் அது பெரும்பாலும் மறைந்துவிடும். இவை நியாயமான காரணங்கள். ஆனால் முக்கியமான காரணம் பழக்கம் என்றே நினைக்கிறேன். ஒரு மருந்து வெற்றி பெற்றால் அதை விற்பவர் ஊர் ஊராகச் சென்று சொல்வார். ஒரு தையல் வெற்றி பெற்றால் அதைச் சொல்ல யார் வருவார்கள்? நிமிடக் கணக்குப் பார்ப்பவர்கள், நீர் எடுக்க வாரம் இருமுறை வந்து வரிசையில் உட்காரும் பெண்ணின் மணி நேரங்களையும், அவருக்கு ஊசி போடும் மருத்துவரின் நேரத்தையும் அதே கணக்கில் சேர்க்கவேண்டும். சேர்த்தால் நூல் தோற்காது.

இப்போது அந்த 3-க்கும் 85-க்கும் வருவோம். வேறுபாடு நோயாளிகளிடத்தில் மட்டும் இல்லை. பெரும்பகுதி எண்ணும் முறையில் இருக்கிறது. ஒருவர் கையால் தொட்டுப் பார்த்து வீக்கம் தெரிந்தால் சீரோமா என்பார். இன்னொருவர் ஸ்கேன் எடுத்து, ஒரு கரண்டி நீர் தெரிந்தாலும் கணக்கில் சேர்ப்பார். மூன்றாமவர் ஊசி போட்டு எடுத்தால்தான் எண்ணுவார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரின் எண்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடமுடியாது. நெதர்லாந்து ஆய்வு எனக்குப் பிடித்ததற்கு இதுவும் காரணம். சிகிச்சை தேவைப்படும் அளவுக்குத் தேங்கியதா என்ற, நோயாளிக்கு முக்கியமான கேள்வியை அவர்கள் முன்கூட்டியே வகுத்துக்கொண்டு எண்ணினார்கள். உங்கள் பள்ளி அறிவியல் செய்முறையில் ‘மாறிகளை வரையறு’ என்று ஆசிரியர் நச்சரிப்பது இதற்காகத்தான்.

இந்தத் துறையில் எதுவும் இலவசமாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மின்சூட்டால் வெட்டும் கத்தி இரத்தப்போக்கைக் குறைக்கிறது. ஆனால் அந்தச் சூடு திசுவைக் காயப்படுத்தி நீர் தேங்குவதைக் கூட்டுகிறது. தோள்பட்டைப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்கினால் கை நன்றாக அசையும். ஆனால் நீர் அதிகமாக வடியும், வடிகுழாய் கூடுதல் நாள் இருக்கும். ஆகவே முதல் வாரத்தில் விரல், மணிக்கட்டு, முழங்கை என்று மெல்ல அசைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியைச் சற்றுத் தள்ளிப்போடச் சொல்வார்கள். முற்றிலும் அசைக்காமல் வைத்துக்கொள்வதும் கெடுதல்தான், தோள் இறுகிப்போகும்.

வெட்டாமல் விட்ட துணிவு

மிகப் பெரிய வெற்றி இன்னும் பாக்கி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் வில்லியம் ஹால்ஸ்டெட்டிடம் போகவேண்டும். அவர் 1882-ல் தொடங்கிய அறுவையில் மார்பகத்தோடு மார்புத் தசையையும் அக்குள் கணுக்களையும் ஒட்டுமொத்தமாக அகற்றினார். அக்காலப் பெண்கள் மருத்துவரிடம் வந்தபோது கட்டி மிகப் பெரிதாகியிருந்தது. வேறு சிகிச்சையும் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விலை கடுமையாக இருந்தது. பல பெண்களுக்குக் கை வீங்கி அப்படியே நின்றுவிட்டது. 1921-ல் ஹால்ஸ்டெட்டே அந்த வீக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதற்கு ‘அறுவையால் வரும் யானைக்கால்’ என்ற பொருளில் பெயரும் வைத்தார். யானைக்கால் நோயில் புழு செய்வதை இங்கே கத்தி செய்தது.

இது சீரோமா அல்ல, நிணநீர் வீக்கம். சீரோமா சில வாரங்களில் அடங்கிவிடும். நிணநீர் வீக்கம் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து வந்து, வாழ்நாள் முழுதும் கூடவே இருக்கக்கூடும். இரண்டும் வேறு, ஆனால் இரண்டையும் கூட்டுகிற செயல் ஒன்றுதான். அக்குளில் எவ்வளவு தோண்டுகிறோமோ அவ்வளவு நீர்.

‘அதிகம் வெட்டினால் அதிகம் பாதுகாப்பு’ என்ற எண்ணத்தை 1971-ல் தொடங்கிய ஓர் ஆய்வில் பெர்னார்ட் ஃபிஷர் சோதனைக்கு உட்படுத்தினார். 1,600-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் கலந்துகொண்டார்கள். 25 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டபோது, ஹால்ஸ்டெட் முறையால் கூடுதலாக உயிர் பிழைத்தவர்கள் இல்லை என்பது உறுதியானது. தசையை எடுக்கத் தேவையே இருக்கவில்லை.

அடுத்து அக்குள். 1990-களின் தொடக்கத்தில் டேவிட் க்ராக், அர்மாண்டோ ஜூலியானோ ஆகிய இரு அமெரிக்க மருத்துவர்களின் குழுக்கள் தனித்தனியே ஒரு வழியைக் காட்டின. மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் எல்லாக் கணுக்களுக்கும் ஒரே நேரத்தில் போவதில்லை. முதலில் ஒன்றிரண்டு காவல் கணுக்களுக்குத்தான் போகிறது. மார்பகத்தில் சிறிது நீலச் சாயத்தையோ மிகக் குறைந்த கதிரியக்கம் உள்ள திரவத்தையோ செலுத்தினால், அந்தக் கணு நீலமாகத் தெரியும் அல்லது கருவி ஒலி எழுப்பும். அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் புற்றுநோய் இல்லையென்றால் மற்ற கணுக்களைத் தொடவேண்டியதில்லை. (நீலச் சாயம் போட்டவர்களுக்கு மறுநாள் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பயந்துவிடுவார்கள்!)

பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், அக்குள் கணுக்களை முழுதாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. காவல் கணுவை மட்டும் எடுத்தவர்களில் அது 5 அல்லது 6 விழுக்காடுதான். ஜூலியானோ மேலும் ஒரு படி போனார். காவல் கணுக்களில் ஒன்றிரண்டில் புற்றுநோய் இருந்தும், கட்டி சிறியதாக இருந்து, மார்பகத்தைக் காத்துக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற ஏறக்குறைய 900 பெண்களில் பாதிப் பேருக்கு மற்ற கணுக்களை எடுக்காமல் விட்டார்கள். 2017-ல் வந்த பத்தாண்டு முடிவின்படி, எடுத்தவர்களைவிட எடுக்காதவர்கள் குறைவாக வாழவில்லை.

இந்தச் சலுகை ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். மலேசியாவின் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012 முதல் 2016 வரையிலான அறிக்கையில், மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம் நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வந்திருந்தார்கள். வெட்கம், பயம், பிள்ளைகளின் தேர்வு முடியட்டும் என்ற ஒத்திவைப்பு, முதலில் நாட்டு மருந்து பார்ப்போம் என்ற யோசனை. கட்டி கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது வருபவருக்கு ஒரு கணு போகிறது. ஆறு மாதம் தள்ளி வருபவருக்கு அக்குளே போகலாம். உயிர் பிழைப்பதைப் பற்றி மட்டும் பேசும் விழிப்புணர்வுப் பிரசாரங்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். சீக்கிரம் வந்தால் வெட்டுக் குறையும், நீரும் குறையும், கை வீங்கும் வாய்ப்பும் குறையும்.

தாமதமாக வந்தவர்களைக் கைவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. மெத்தைத் தையல் அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஒவ்வொரு மருத்துவமனையும் எத்தனை பேருக்கு ஊசியால் நீர் எடுக்க நேர்ந்தது என்ற ஒரே ஓர் எண்ணை ஆண்டுதோறும் வெளியிடட்டும். கூடுதல் கருவி வேண்டாம், பதிவேட்டில் ஒரு கட்டம் போதும். எண் வெளியே தெரிந்தால் பழக்கம் தானாக மாறும்.

கை வீங்கியவரை ‘பால் பாக்கெட்கூடத் தூக்காதே’ என்று மிரட்டுவது நம் வீடுகளில் வழக்கம். 2009-ல் அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழு, நிணநீர் வீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பயிற்சியாளரின் மேற்பார்வையில், எடையை மெல்ல மெல்லக் கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் மோசமாகவில்லை. கையில் வலுவும் கூடியது. அம்மாவைக் கண்ணாடிப் பாத்திரம்போல் மூலையில் உட்காரவைப்பது அன்பாக இருக்கலாம், சிகிச்சை ஆகாது.

அறுவை முடிந்து வடிகுழாயோடு வீட்டுக்கு வருபவர்களுக்கு உதவ மருத்துவப் பட்டம் தேவையில்லை, மாணவர்களே. தாதியர் சொல்லித் தருவதுபோல் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தினமும் ஒரே நேரத்தில் புட்டியில் சேர்ந்த நீரின் அளவைப் படித்து, ஒரு தாளில் தேதியோடு எழுதுங்கள். நிறத்தையும் எழுதுங்கள், சிவப்பிலிருந்து வைக்கோல் நிறத்துக்கு மாறுவது நல்ல அறிகுறி. நீர் கலங்கினாலோ, நாறினாலோ, தோல் சிவந்து சுட்டாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள்; எண்ணெய் தேய்த்து உருவிவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். பல மருத்துவமனைகளில் ஒரு நாளுக்கு 30 மில்லிலிட்டருக்கும் குறைவாக வடியத் தொடங்கினால் குழாயை எடுத்துவிடுவார்கள். அந்தத் தாளை மறக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். குழாயை எந்த நாளில் எடுப்பது என்று அவர் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.